புல்வெளி ஓடுதளமும் திறந்த படலையும்

ஆகாய விமான நிலையம் என்றதும் நம் மனக்கண் முன் வருவன நீண்ட தார்ப் பாதையும், உயர்ந்த கட்டுப்பாட்டுக் கோபுரமும், சுங்க அதிகாரிகளின் மேசையுமே. ஆயினும், இவற்றுள் ஒன்றுமே இல்லாத விமானத் தளங்கள் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஏராளம் உண்டு. கமக்காரர் ஒருவர் தம் நிலத்தில் நீண்ட துண்டு ஒன்றைச் சமப்படுத்திப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருப்பார். ஓரத்திலே தகரக் கொட்டகை ஒன்றும், காற்றின் திசையைக் காட்டும் துணிக்கூம்பு ஒன்றும் நிற்கும். அவ்வளவுதான் விமானத் தளம். அது அவருடைய சொந்த நிலம். அவருடைய சொந்த விமானத்துக்காக அமைக்கப்பட்டது.

எனினும் அங்கே வருவோர் அவர் ஒருவரல்லர். அயலூர் விமானியொருவர் வானிலிருந்து இறங்குவார். நண்பர்களும் உறவினரும் படலையைத் திறந்துகொண்டு தரைவழியே வருவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோ, விமானத்தின் ஓசை கேட்டதும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து விடுவர். வானால் வருவோர், படலையால் வருவோர், பொட்டால் வருவோர் என இம்மூவகையினரில் ஒருவருக்கு அந்நிலத்திலே ஊறு நேர்ந்தால், அதற்கு விடையிறுக்க வேண்டியவர் யார்? முழுப் பொறுப்பும் நிலக்காரருடையது என்றால் அவர் படலையைப் பூட்டிவிடுவார். அவருக்கு எந்தப் பொறுப்புமே இல்லை என்றால், பிள்ளையொன்றின் உயிர் எவருடைய கவனத்துக்கும் உரியதன்று என்றாகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடிக்கச் சட்டம் நெடுங்காலம் நடந்திருக்கிறது. அந்த நடையின் சுவடுகளையே நாம் இங்கு நோக்குவோம்.

விமானம் புதியது, வினா பழையது. கிறித்துவுக்குப் பின் 533 ஆம் ஆண்டில் யஸ்தினியன் பேரரசன் வெளியிட்ட உரோமச் சட்டத் திரட்டிலே இவ்வினாவுக்கு நெருங்கிய இரண்டு எடுத்துக்காட்டுகள் காணப்படுகின்றன. சிலர் ஒரு களத்திலே ஈட்டியெறிந்து விளையாடுகின்றனர். அவ்வேளை அடிமையொருவன் அக்களத்தைக் குறுக்கே கடந்து ஈட்டி பட்டு இறந்துவிடுகிறான். எறிந்தவன் நட்ட ஈடு கொடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்கிறார் உல்பியன் என்னும் சட்ட அறிஞர். ஈட்டியெறிவதற்கென உள்ள களத்தை வேளையல்லா வேளையில் கடந்தது அவன் தவறு. ஆயினும், கடப்பவனைக் கண்டும் வேண்டுமென்றே அவன்மீது எறிந்தவன் தப்ப முடியாது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, மரத்தின் கிளையை வெட்டுபவனைப் பற்றியது. கீழே ஆள் செல்லும் வழி இருக்க, குரல் கொடுக்காமல் கிளையை வீழ்த்தி ஒருவனைக் கொன்றால் வெட்டியவன் பொறுப்பாளியாவான். அது பொது வழியாயினும் சரி, தனியார் நிலத்து வழியாயினும் சரி, வேறுபாடு பெரிதில்லை. தனியார் நிலத்தினூடாகவும் மக்கள் நடப்பது வழக்கமன்றோ என்று பவுலுஸ் என்னும் அறிஞர் காரணங் காட்டுகிறார். கவனமுள்ள ஒருவன் முன்கூட்டியே உணர்ந்திருக்கக்கூடியதை உணராமல் விடுவதும், தப்ப முடியாத நேரத்திலே எச்சரிப்பதும் குற்றமே என்பது அந்த நூலின் கருத்து.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியன்று. இச்சட்ட மரபு ஒல்லாந்தர் வழியாக இலங்கைக் கரைக்கு வந்தது. 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் பிரித்தானியரும் அதனைத் தொடர இடமளித்தனர். ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் தீங்கு பற்றிய இலங்கைச் சட்டத்தின் வேர் இன்றும் உரோமன் ஒல்லாந்தச் சட்டத்திலேதான் இருக்கிறது. விவேகமுள்ள ஒரு குடும்பத் தலைவன் அந்நிலையில் எதை முன்னுணர்ந்து எவ்வாறு நடந்திருப்பான் என்பதே அதன் அளவுகோல்.

இனி வானத்துக்கு வருவோம். விமானம் தோன்றுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, வானிலிருந்து வந்த ஒருவரும் அவரைத் தொடர்ந்து தரைவழியே வந்த கூட்டமும் ஒரு தோட்டக்காரருக்கு நட்டத்தை உண்டாக்கிய வழக்கு ஒன்று நியூயோர்க் மாநில நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆண்டு 1822. கியே என்பவர் வாயுக் கூண்டிலே பறந்து, சுவான் என்பவருடைய தோட்டத்தில் இறங்கினார். கூண்டு உருளைக்கிழங்கு, முள்ளங்கிப் பாத்திகளின் மேலாக முப்பது அடி தூரம் இழுபட்டது. அவர் உதவி கேட்டுக் கூவினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் வேலியை உடைத்துக்கொண்டு உட்புகுந்து, காய்கறிகளையும் பூஞ்செடிகளையும் மிதித்து நாசமாக்கினர். கூண்டினால் விளைந்த நட்டம் ஏறக்குறைய 15 டொலர். கூட்டத்தின் கால்களால் விளைந்ததோ அதனினும் பல மடங்கு. யூரிமார் 90 டொலர் விதித்தனர். கூட்டத்தின் செயலுக்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன் என்று கியே மேன்முறையீடு செய்தார். பறந்தது குற்றமன்று; ஆனால், இப்படி இறங்கினால் உதவி செய்யவோ வேடிக்கை பார்க்கவோ கூட்டம் ஓடிவரும் என்பது எவரும் முன்னுணரக் கூடியதே என்று கூறித் தலைமை நீதியரசர் ஸ்பென்சர் முழுத்தொகையையும் உறுதிப்படுத்தினார்.

பறக்கும் பொருள் கூட்டத்தைத் தன்னிடம் இழுக்கும் என்பதும், அக்கூட்டத்தை எண்ணிப் பார்க்காமல் பறப்பவர் தப்ப முடியாது என்பதும் அன்றே சட்டத்தின் காதில் விழுந்துவிட்டன. ஆனால், உலகம் அதனை விலை கொடுத்தே மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிரான்சிலே ரைம்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள சமவெளியில் முதலாவது பெரும் விமான விழா நடைபெற்றது. அதன்பின் விமானம் பார்ப்பது ஐரோப்பிய நகரமக்களின் பெருவிருப்பமாயிற்று. அக்காலத்து விமானத் தளங்கள் யாவும் புல்வெளிகளே. விமானத்துக்கும் மனிதருக்கும் இடையே கோடு எதுவும் கீறப்படவில்லை; கீறப்பட்ட இடங்களிலும் பெரிய மனிதர்களுக்கு அது பொருந்தவில்லை. 1911 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் திகதி, பாரிஸ் நகரை அடுத்த இசி என்னும் இடத்துப் படைப்பயிற்சி வெளியிலிருந்து மட்ரிட் நகர் நோக்கிப் பந்தய விமானங்கள் புறப்பட்டன. துரைன் என்னும் விமானி, இயந்திரக் கோளாறினால் திரும்பி இறங்க முற்பட்டார். வெளியிலே குதிரைப்படையினர் குறுக்கே சென்றுகொண்டிருந்தனர். அவர்கள்மேல் மோதாதிருக்க அவர் விமானத்தைத் திருப்பியபோது, களத்தினுள் வந்து நின்ற பிரமுகர் கூட்டத்தின் மீது அது பாய்ந்தது. பிரான்சின் யுத்த மந்திரி பெர்த்தோ அவ்விடத்திலே மாண்டார். பிரதம மந்திரி மோனிஸ் படுகாயமுற்றார். ஈட்டியெறியும் களத்தைக் கடந்த அடிமைக்கு நேர்ந்தது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு அண்மையான இடைவெளியின் பின்னர் ஒரு மந்திரிக்கு நேர்ந்தது எனலாம்.

சரியாகப் பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1927 ஆம் ஆண்டு மே மாதம் அதே 21 ஆம் திகதி இரவு, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடந்த லின்ட்பேர்க், பாரிசுக்கு அண்மையிலுள்ள லெ பூர்ஜே வெளியில் இறங்கினார். ஒரு இலட்சம் பேருக்கு மேல் அங்கே திரண்டிருந்தனர். அவர்கள் தடைகளைத் தாண்டி விமானத்தை நோக்கி ஓடிவந்தனர். சுழலும் விசிறியிலே எவரேனும் அகப்படுவர் என்று அஞ்சிய லின்ட்பேர்க் இயந்திரத்தை உடனே நிறுத்தினார். நினைவுப் பொருள் வேண்டுமென்று விமானத்தின் துணியைச் சிலர் கிழித்தெடுத்தனர். கூட்டம் அவரை வாழ்த்தவே வந்தது. ஆயினும், வாழ்த்த வந்தவனின் கழுத்தையும் அந்த விசிறி விட்டுவைத்திராது.

இதற்கிடையே பிரித்தானியப் பாராளுமன்றம் 1920 ஆம் ஆண்டு வான் பயணச் சட்டத்தை இயற்றியது. நியாயமான உயரத்திலே ஒருவர் நிலத்தின் மேலாகப் பறப்பதை அத்துமீறல் என்று வழக்காட முடியாது. ஆனால், விமானமோ அதிலிருந்து விழும் பொருளோ தரையிலுள்ளவருக்கு ஊறு விளைத்தால், கவனயீனத்தை எண்பிக்காமலே விமானச் சொந்தக்காரரிடம் நட்ட ஈடு பெறலாம் என்பது அச்சட்டம் செய்த உடன்படிக்கை. வானால் வருபவரின் கடமை ஒருவாறு தெளிவாயிற்று. நிலத்தை வைத்திருப்பவரின் கடமையோ இன்னும் குழப்பமாகவே கிடந்தது.

அக்குழப்பத்துக்குக் காரணம், வந்தவர் யார் என்ற கேள்வியை ஆங்கிலச் சட்டம் முதலிற் கேட்டமையே. 1866 ஆம் ஆண்டிலே, வாயுக் குழாய்த் தொழிலாளி ஒருவர் சீனி ஆலை ஒன்றின் வேலி கட்டாத தளத் துவாரத்தில் விழுந்து காயமுற்ற வழக்கில், தொழில் நிமித்தம் வந்தவருக்கு, நிலக்காரர் தாம் அறிந்திருந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய அசாதாரண ஆபத்திலிருந்து பாதுகாப்பளிக்க வேண்டுமென்று தீர்க்கப்பட்டது. இவ்வாறு வருவோர் மூன்று படிகளாகப் பிரிந்தனர். இருதரப்புக்கும் பயன்படும் அலுவலாக வந்தவருக்கு மிகுந்த கவனம். விருந்தினராய் அனுமதியுடன் வந்தவருக்கு, நிலக்காரர் அறிந்த மறைவான ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை. அத்துமீறி வந்தவருக்கு, வேண்டுமென்றோ துணிந்த அலட்சியத்தாலோ ஊறு செய்யாதிருத்தல் மட்டும். வீட்டுக்கு உணவுண்ண வந்த நண்பருக்கு, கணக்குத் தீர்க்க வந்த வியாபாரியிலும் குறைந்த காப்பே கிடைத்தது என்பதை நேயர்கள் கவனிக்க.

இந்தப் படிமுறையின் கடுமை 1929 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஸ்கொத்லாந்திலே நிலக்கரிச் சுரங்கக் கம்பனி ஒன்றின் வெளியில், இழுவைக் கம்பிவடத்தின் சக்கரத்திலே நான்கு வயதுப் பாலகன் ஒருவன் அகப்பட்டு இறந்தான். வேலியெங்கும் பொட்டுகள், ஊரார் அதனைக் குறுக்கு வழியாகவும் பிள்ளைகள் விளையாட்டிடமாகவும் பயன்படுத்தியது யாவரும் அறிந்ததே. ஆயினும், பிள்ளை அத்துமீறி வந்தவன்; ஆதலின் கம்பனிக்குப் பொறுப்பில்லை என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. அமெரிக்க உயர் நீதிமன்றமோ அரைநூற்றாண்டுக்கு முன்னரே, 1873 ஆம் ஆண்டில், பூட்டப்படாத புகையிரதத் திருப்புமேடையில் விளையாடிப் பாதத்தில் கடுங்காயமுற்ற ஆறு வயதுச் சிறுவனின் வழக்கிலே வேறுவிதமாகத் தீர்த்திருந்தது. பிள்ளைகளைத் தன்பால் இழுக்கும் பொறியை வைத்திருப்பவர் பிள்ளைகள் வருவர் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். புல்வெளியில் நிற்கும் சிறு விமானத்திலும் பிள்ளைகளை இழுக்கவல்ல பொறி வேறு யாது?

இங்கிலாந்திலே மாற்றம் 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அது 1958 ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அலுவலாக வந்தவர், விருந்தாக வந்தவர் என்ற வேறுபாடு ஒழிந்தது. சட்டப்படி வந்த எவருக்கும் ஒரே கடமை: எந்த நோக்கத்துக்காக வர அனுமதிக்கப்பட்டாரோ, அந்நோக்கத்துக்கு அவ்விடம் நியாயமான அளவில் பாதுகாப்பாயிருக்க வேண்டும். பெரியவர்களைப் போலப் பிள்ளைகள் கவனமாயிருக்கமாட்டார்கள் என்பதை நிலக்காரர் எதிர்பார்த்தல் வேண்டும். எச்சரிக்கைப் பலகை நாட்டியதனால் மட்டும் கடமை தீராது. அது வருபவருக்குத் தம்மைக் காத்துக்கொள்ளப் போதியதாயிருத்தல் வேண்டும். மறுபுறம், ஓர் ஆபத்தைத் தெரிந்து மனமுவந்து ஏற்றுக்கொண்டவர் அதற்காகப் பின்னர் வழக்காட முடியாது.

அத்துமீறியவரின் நிலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. 1965 ஆம் ஆண்டில், இலண்டனை அடுத்த மிச்சம் என்னுமிடத்தில், மிதிபட்டுத் தாழ்ந்திருந்த வேலியைக் கடந்த ஆறு வயதுச் சிறுவன் மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் பட்டுக் கடுங்காயமுற்றான். 1972 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை 1929 ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டு, மனிதாபிமானம் கோரும் குறைந்தபட்சக் கடமையாவது அத்துமீறியவருக்கும் உண்டு என்றது. அதனைச் செம்மைப்படுத்தி வந்ததே 1984 ஆம் ஆண்டுச் சட்டம். ஆபத்து ஒன்று இருப்பதையும், அதன் அருகே எவரேனும் வரக்கூடும் என்பதையும் நிலக்காரர் அறிந்திருந்து, அதிலிருந்து காப்பளிப்பது நியாயமும் ஆனால், அவர் காப்பளித்தே ஆகவேண்டும். வந்தவர் யார் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, எதை முன்னுணர்ந்திருக்கலாம் என்ற பவுலுஸின் கேள்வி மீண்டும் முன்னே வந்தது.

அதே சட்டம் கமக்காரருக்கு ஒரு பெரிய அச்சத்தையும் நீக்கிற்று. தொழில் நடத்துபவர் தம் கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ பொறுப்பில்லை என அறிவித்தல் போட்டுத் தப்ப முடியாது என்று 1977 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறியிருந்தது. கமமும் தொழிலே, ஆதலின் நிலத்தைப் பொழுதுபோக்குக்காகத் திறந்துவிட்டவரும் இதில் அகப்படும் நிலை ஏற்பட்டது. தம் தொழிலோடு தொடர்பின்றி, பொழுதுபோக்குக்கோ கல்விக்கோ மற்றவரை உள்ளே விடுபவரை இவ்வகையிலே தொழில் நடத்துபவராகக் கொள்ளலாகாது என்று 1984 ஆம் ஆண்டில் விதிவிலக்களிக்கப்பட்டது.

அமெரிக்கர் இவ்வச்சத்துக்கு இன்னும் துணிந்த மருந்தைக் கண்டனர். 1953 ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டை, மீன்பிடி முதலிய பொழுதுபோக்குகளுக்குக் கட்டணமின்றி நிலத்தைத் திறந்துவிடுபவர், வருவோருக்குச் சாதாரணக் கவனயீனத்துக்காகப் பொறுப்பாகமாட்டார் என்பது அதன் நோக்கம். 1965 ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கென ஒரு மாதிரிச் சட்டமும் வெளியாயிற்று. இன்று ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் உண்டு. ஆயினும் இரண்டு எல்லைகள் பொதுவாகக் காணப்படுகின்றன. கட்டணம் வாங்கினால் பாதுகாப்புப் போய்விடும். ஆபத்தைத் தெரிந்தும் வேண்டுமென்றே மறைத்தால் அப்போதும் போய்விடும்.

ஆனால், அச்சட்டங்களின் பொழுதுபோக்குப் பட்டியலிலே விமானம் பெரும்பாலும் இடம்பெறவில்லை. குதிரையேறி வந்தவருக்குப் படலையைத் திறக்க அஞ்சாத நிலக்காரர், விமானத்தில் வந்தவருக்கு அஞ்சினார். 2003 ஆம் ஆண்டில் மொன்டானா மாநில விமானிகள் சிலர் ஓர் அமைப்பை நிறுவி, மாநிலம் மாநிலமாகச் சென்று இந்த இடைவெளியை நிரப்ப வாதாடினர். இன்று மொன்டானா, கலிபோர்னியா முதலிய பல மாநிலங்களின் சட்டங்களில், வணிக நோக்கமற்ற பறப்பும் அப்பட்டியலிலே சேர்ந்திருக்கிறது. பூட்டியிருந்த ஓடுதளங்கள் திறந்திருக்க இது வழி செய்தது.

சட்டம் இவ்வளவு சொன்ன பின்னர், படலையிலே நிற்பவர் செய்ய வேண்டியது யாது? பிரித்தானியப் புல்வெளித் தளங்களிலே ஊன்றிப்போன வழக்கம் ஒன்றுண்டு. எவரும் முன் அனுமதி பெற்றே இறங்க வேண்டும். இது வெறும் மரியாதைக்காக ஏற்பட்டதன்று. விமானி தொலைபேசியில் அழைக்கும்போது, ஓடுதளத்தின் நீளம், சரிவு, மழையினால் நிலம் இளகிய இடம், அருகே செல்லும் மின்கம்பி, புல் மேயும் ஆடுகள், மேலாகப் பறக்கக் கூடாத அயல்வீடு என்பனவற்றை நிலக்காரர் சொல்லிவிடுவார். இத்தளத்தில் இறங்க முடியுமா என்று தீர்மானிப்பது விமானியின் பொறுப்பு. அத்தீர்மானத்துக்கு வேண்டிய உண்மையைச் சொல்வது நிலக்காரரின் பொறுப்பு. வந்தவரின் பெயரும் நேரமும் புத்தகத்தில் எழுதப்படும். 2005 ஆம் ஆண்டு முதல், பிறருக்கு நேரும் ஊறுக்கெனக் காப்புறுதி செய்தல் ஐரோப்பிய விமானச் சொந்தக்காரருக்குக் கட்டாயமாயிற்று. பிரித்தானியாவிலும் அது தொடர்கிறது.

தரைவழியே வருவோருக்கு வேறு ஒழுங்கு வேண்டும். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரிவதில்லை. நின்றிருக்கும் விசிறியோ மேலும் வஞ்சகமானது. சூடாறாத இயந்திரத்தின் விசிறியைக் கையால் சிறிது அசைத்தாலும் இயந்திரம் உயிர்பெற்றுவிடக் கூடும். ஆகவே, வண்டிகள் நிற்குமிடம் ஓடுதளத்துக்கு அப்பால் இருக்கும். பார்ப்போர் நிற்கும் எல்லை கயிற்றினாலோ வேலியினாலோ காட்டப்படும். உள்ளே செல்பவரைத் தளத்தையறிந்த ஒருவர் கூட்டிச் செல்வார். பிள்ளைகள் நுழையும் பொட்டு இருப்பது தெரிந்தால், அதனை அடைப்பதே பலகை எழுதுவதிலும் மேலான காரியம். பாதுகாப்பின் பெயரால் யாவற்றையும் மூடிவிடுவதும் தீர்வாகாது என்பதைப் பிரபுக்கள் சபை 2003 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டியது. எச்சரிக்கைப் பலகையை மீறி ஆழமற்ற ஏரியில் பாய்ந்து கழுத்து முறிந்த இளைஞரின் வழக்கிலே, வெளிப்படையான ஆபத்தைத் தாமே தேர்ந்துகொண்ட ஒருவருக்காக, அங்கே அமைதியாகப் பொழுதுபோக்கும் ஏனையோர் அந்த இடத்தை இழக்கலாகாது என்று அது கூறியது.

நேயர்களே, இவ்வளவு வழக்குகளையும் சட்டங்களையும் கடந்து பார்க்கும்போது, மரத்திலேறிக் கிளை வெட்டியவனுக்கு உரோமர் சொன்ன சொல்லே எஞ்சி நிற்கிறது. கீழே வழி இருக்கிறதா என்று பார். இருந்தால், விலகுவதற்கு நேரம் இருக்கும்போதே குரல் கொடு. தம் புல்வெளியைப் பிறருக்குத் திறந்துவிடும் மனிதரிடம் சட்டம் கேட்பது இதனிலும் பெரிதன்று. அந்தக் குரலை உரிய காலத்தில் கொடுப்பவர் பூட்டை நாட வேண்டியதில்லை. அவருடைய படலை திறந்தபடியே இருக்கலாம்.